ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் எழுந்த கதை: காரணம் சாம்ப்ளரா, லண்டனா?

வேகத்தாளம் எழுதியது:

டெக்னோவுக்கும் டிரான்ஸுக்கும் இந்த மன்றத்தில் நீளமான உரையாடல் இழைகள் இருக்கின்றன, ஜங்கிளுக்கு ஒன்றுகூட இல்லை. பிரிட்டனில் 1991க்கும் 1994க்கும் நடுவில் உருவாகி, பிறகு டிரம் அண்ட் பேஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன இசை இது. மெட்டு, பாட்டு வரி எல்லாம் இதில் பின்னால்தான் நிற்கும். டிரம்தான் முன்னால் நின்று பேசும், அதற்குக் கீழே பேஸ்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சாம்ப்ளர் பெற்ற பிள்ளை, அதாவது ஒலித் துண்டைப் பதிந்து வைத்துத் திருப்பி வாசிக்கும் பெட்டி பெற்ற பிள்ளை. அகாய் கம்பெனியின் எஸ்950, எஸ்1000 சாம்ப்ளர்கள் இரண்டும் 1988ல் வந்தன. பழைய ஃபங்க் இசைத்தட்டிலிருந்து டிரம்மர் தனியாக வாசிக்கும் சில நொடிகளை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டைக் கொடுத்து, புதிய வரிசையில் வாசிக்கலாம் என்றாகிவிட்டது. எஸ்950ல் நினைவகத்தை முழுதாக விரிவாக்கினாலும் 2.25 எம்பிதான். இன்று ஒரு கைப்பேசிப் படம் அதைவிடப் பெரிது. அந்த நெருக்கடியில்தான் ஒரே துண்டை நூறு விதமாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டாரி எஸ்டி கணினி, அதில் துண்டுகளை வரிசைப்படுத்தும் கியூபேஸ் மென்பொருள். படுக்கையறையில் இவ்வளவு வைத்தே பாட்டு முடிந்துவிடும். பெரிய ஸ்டுடியோ வாடகை இல்லை, டிரம்மர் சம்பளம் இல்லை. இந்தப் பெட்டிகள் வராமல் இருந்திருந்தால் ஜங்கிளே இல்லை என்பேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

புதுக்காது எழுதியது:

அண்ணா, நான் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். எல்லாப் பாட்டிலும் ஒரே டிரம் வருகிற மாதிரி இருக்கிறதே, அது என் காதுக்கு மட்டுமா?

வேகத்தாளம் எழுதியது:

இல்லை, நிறைய பாட்டுகளில் நிஜமாகவே ஒரே டிரம்தான். ஏமன் பிரேக் என்பார்கள். பாட்டின் நடுவே டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் இடம்தான் பிரேக். தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு 1969ல் வெளியிட்ட ‘ஏமன், பிரதர்’ பாட்டில் நடுவே வருவது. வாசித்தவர் கிரெகரி கோல்மன். நான்கு பார் (பார் என்றால் நான்கு அடி கொண்ட ஒரு சுற்று), சுமார் 7 நொடி. லின் காலின்ஸ் பாடிய ‘திங்க்’ (1972), இன்கிரெடிபிள் பாங்கோ பேண்டின் ‘அப்பாச்சி’ (1973), இவற்றின் பிரேக்குகளும் அடிக்கடி வரும். ஆனால் ஜங்கிளின் முதுகெலும்பு ஏமன்தான்.

கும்கி எழுதியது:

மிருதங்கம் வாசிப்பவள் என்பதால் அந்த 7 நொடிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். ஏன் எல்லாரும் இதையே பிடித்துத் தொங்கினார்கள் என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

முதல் இரண்டு பாரும் ஒரே மாதிரி. மூன்றாவது பாரில் கடைசி ஸ்னேர் (படபடக்கும் சின்ன டிரம்) அடி வர வேண்டிய இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி விழுகிறது. நான்காவது பார் முதல் அடியையே காலியாக விட்டுத் தொடங்குகிறது. பிறகு எதிர்பார்ப்பதற்கு முன்பே ஒரு கிராஷ் சிம்பல். அதாவது நேர்நடை, இடம் மாறிய அடி, வெற்று அடி, முந்தி வரும் முத்தாய்ப்பு, எல்லாமே நான்கு பாருக்குள். நறுக்குகிறவனுக்குத் தேவையான எல்லாச் சொல்லும் அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஸ்னேருக்கு நடுவில் லேசாகத் தட்டிவிட்டுப் போகும் சின்ன அடிகளையும் கவனியுங்கள். வேகத்தைக் கூட்டும்போது அந்தச் சின்ன அடிகள்தான் நுரைத்து மேலே வரும்.

அப்புறம் வேகம். மூலத் துண்டு நிமிடத்துக்கு 137 அடிக்குப் பக்கம். ஜங்கிள் 160, 165க்குப் போகும், பிற்கால டிரம் அண்ட் பேஸ் 174ல் நிற்கும். பழைய சாம்ப்ளரில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். 165க்கு ஏற்றினால் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் மேலே போய்விடும். அந்தக் கூர்மையான, கொஞ்சம் பதற்றமான டிரம் சத்தம் அப்படி வந்ததுதான். டைம் ஸ்ட்ரெச் என்று ஒரு வசதியும் அந்தப் பெட்டிகளில் இருந்தது. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் இழுக்கலாம். அளவுக்கு மீறி இழுத்தால் குரல் உலோகம் மாதிரி நடுங்கும். அதை ஒரு குறையாக ஒதுக்காமல் ஒரு ருசியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜங்கிளில் ராகா குரல் (நம் ராகம் இல்லை, ஜமைக்கப் பாணியில் தாளத்தோடு பேசிப் பாடுவது) திடீரென்று உடைந்து நடுங்கும் இடங்கள் எல்லாம் அதுதான்.

என்னை உள்ளே இழுத்தது பேஸ். மேலே டிரம் இரண்டாம் காலத்தில் ஓடும்போது கீழே பேஸ் முதல் காலத்தில் நடக்கிறது. 160ல் டிரம், 80ல் பேஸ். ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். புதுக்காது, அடுத்த முறை டிரம்மை விட்டுவிட்டு பேஸுக்குத் தலையாட்டிப் பாருங்கள். பாட்டே வேறாகக் கேட்கும்.

கிழக்குலண்டன் எழுதியது:

வேகத்தாளம் தம்பி, கும்கி தங்கச்சி, இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கருவிதான் காரணம் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாமில் வளர்ந்தவன்.

அதே அகாய் நியூயார்க்கிலும் இருந்தது. அதே ஏமன் துண்டும் இருந்தது. ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ என்ற தொகுப்பின் முதல் தட்டிலேயே 1986ல் அந்தப் பாட்டு வந்துவிட்டது. அந்தத் தொகுப்பு நியூயார்க்கில்தான் வெளியானது. 1988ல் என்.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க ராப் குழு ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ பாட்டுக்கு அதைத்தான் மெதுவாக்கிப் போட்டது. கருவி ஒன்று, துண்டு ஒன்று, ஆனால் அங்கே ஜங்கிள் பிறக்கவில்லை. லண்டனில் ஏன் பிறந்தது?

ஹாக்னியிலும் டோட்டன்ஹாமிலும் பிரிக்ஸ்டனிலும் வளர்ந்த பிள்ளைகளின் அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அந்த வீடுகளில் சவுண்ட் சிஸ்டம் பண்பாடு இருந்தது. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், வயிற்றில் இடிக்கிற பேஸ், மைக்கில் பேசிப் பாடிக் கூட்டத்தை ஏற்றிவிடும் ஓர் எம்சி, சனத்துக்குப் பிடித்துவிட்டால் தட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி முதலிலிருந்து போடும் ரீவைண்ட். அமெரிக்க ஹிப்-ஹாப்பையும் இவர்கள் கேட்டார்கள். 1988க்குப் பிறகு சிகாகோ ஹவுஸ், டெட்ராய்ட் டெக்னோ, பெல்ஜியத்து ரேவ் (விடிய விடிய நடக்கும் ஆட்டக் கூட்டம்) தட்டுகள் வந்து குவிந்தன. ஷட் அப் அண்ட் டான்ஸ் என்ற ஹாக்னி இருவர் சவுண்ட் சிஸ்டத்திலிருந்து வந்தவர்கள். ஹிப்-ஹாப் பிரேக்கை வேகமாக்கி ரேவ் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். 1991ல் லெனி டி ஐஸின் ‘வி ஆர் ஐ.ஈ.’ வந்தது. ரெகே பேஸ், வேகமான ஏமன் இரண்டும் ஒரே தட்டில். இந்த மூன்று நான்கு நீரோட்டமும் ஒரே தெருவில் சந்தித்த ஊர் வேறு எது?

ஹெவன் கிளப்பில் வியாழக்கிழமை இரவுகளில் ரேஜ் என்ற ஆட்ட நிகழ்ச்சி நடக்கும். சாரிங் கிராஸ் ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள இடம். ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்கள் அங்கே அமெரிக்க டெக்னோவையும், நறுக்கிய பிரேக்கில் ஓடும் பிரிட்டிஷ் பிரேக்பீட் தட்டுகளையும் கலந்து, டர்ன்டேபிளில் வேகத்தை ஏற்றிப் போட்டார்கள். அந்த வேகத்தைக் கேட்டுவிட்டுப் போன பிள்ளைகள் அதே வேகத்தில் பாட்டுச் செய்து எடுத்து வந்தார்கள். இவர்கள் அதையும் போட்டார்கள். இசை அப்படித்தான் வாராவாரம் ஏறியது. சாம்ப்ளர் வீட்டில் இருந்தது உண்மை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்குச் சொன்னது ஆட்டக்களம்.

புதுக்காது எழுதியது:

கிழக்குலண்டன் அண்ணா, பைரேட் ரேடியோ பற்றியும் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் எப்படி அத்தனை வருடம் ஓட்டினார்கள்?

கிழக்குலண்டன் எழுதியது:

கவுன்சில் (உள்ளாட்சி) கட்டிய அடுக்குமாடிகளால் ஓடியது. கிழக்கு லண்டனில் இருபது மாடி வீட்டுத் தொகுதிகள் நிறைய. மொட்டை மாடியில் ஒரு ஏரியல், பக்கத்தில் எங்காவது ஒளித்து வைத்த எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். ஸ்டுடியோ அங்கே இருக்காது, வேறு கட்டிடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மைக்ரோவேவ் இணைப்பு. அரசின் வர்த்தகத் தொழில் துறை ஆட்கள் சோதனைக்கு வந்தால் டிரான்ஸ்மிட்டரைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். ஸ்டுடியோ தப்பிவிடும், அடுத்த வார இறுதியில் புதுப் பெட்டியோடு திரும்ப வருவார்கள். 1990 ஒலிபரப்புச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கிய பிறகும் 1991 நவம்பரில் ஹாக்னியில் கூல் எஃப்எம் தொடங்கியது. ஜங்கிளுக்கு அதுதான் தலைமை நிலையம். ரின்ஸ் எஃப்எம் 1994ல் வந்தது.

எங்கள் வீட்டில் அப்பா தமிழ்ச் செய்திக்கு ரேடியோவைத் திருப்புவார், அண்ணன் சனி இரவு கூல் எஃப்எம்முக்குத் திருப்புவான், கேசட்டில் பதிவு செய்வான். அந்தக் கேசட் பள்ளிக்கூடத்தில் கை மாறிக் கை மாறிப் போகும். கடையில் தட்டு வாங்கக் காசில்லாதவனுக்கும் இசை இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. டிவியும் பெரிய பத்திரிகையும் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே ஊரில் பாதிப் பேருக்கு அந்த டிரம் மனப்பாடம்.

பி பக்கம் எழுதியது:

இதோடு டப்ளேட்டையும் சேர்க்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் அதை உடனே கம்பெனிக்குக் கொடுக்க மாட்டார்கள். டேட் என்ற டிஜிட்டல் நாடாவில் எடுத்துக்கொண்டு வடக்கு லண்டனில் உள்ள மியூசிக் ஹவுஸுக்குப் போவார்கள். அங்கே அசிடேட் பூசிய தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டித் தருவார்கள். சில பத்து முறை போட்டாலே தேய்ந்துவிடும். அந்த ராத்திரிக்கு, அந்த டிஜேவுக்கு மட்டும். இதுவும் ஜமைக்காவிலிருந்து வந்த வழக்கம். வெட்டுவதற்கு வரிசையில் காத்திருக்கும்போது ஒருவர் பாட்டை இன்னொருவர் கேட்டுவிடுவார். அடுத்த வாரம் அதற்கு மேல் ஒன்றைச் செய்து எடுத்து வருவார். 1992லிருந்து 1995க்குள் இந்த இசை இவ்வளவு வேகமாக உருமாறியதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

ஆதிரை எழுதியது:

இவ்வளவு எழுதியும் கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண்களின் பெயர் இன்னும் வரவில்லை. கோல்டியை ரேஜுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். கிராஃபிட்டி வரைந்துகொண்டிருந்த ஆள் கோல்டி. இந்த இசையைக் கேட்ட பிறகு 4ஹீரோ குழு நடத்திய ரீஇன்ஃபோர்ஸ்ட் லேபிளில் போய்ச் சேர்ந்தார். 1992ல் ‘டெர்மினேட்டர்’ செய்தார். அதில் டிரம்மின் வேகம் அப்படியே நிற்க, சுருதி மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் மாற்றும் ஈவன்டைட் ஹார்மனைசரை வைத்துச் செய்தது. தட்டு வேகமாகச் சுற்றினால்தான் சுருதி ஏறும் என்று பழகிய காதுகளுக்கு அது அதிர்ச்சி.

1994ல் இவர்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் மெட்டல்ஹெட்ஸ் லேபிளைத் தொடங்கினார்கள். 1995ல் ஹாக்ஸ்டன் ஸ்கொயரில் இருந்த ப்ளூ நோட் கிளப்பில் ஞாயிறு இரவுகள் ஆரம்பித்தன. அதே வருடம் கோல்டியின் ‘டைம்லெஸ்’ ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 7வது இடம் வரை போனது. அதன் தலைப்புப் பாட்டு 21 நிமிடம். ‘இன்னர் சிட்டி லைஃப்’ அதற்குள்தான் இருக்கிறது. டயான் ஷார்லமேனின் குரல் மெதுவாக மிதக்க, கீழே டிரம் உடைந்து கொட்டும். கெமிஸ்ட்ரி 1999 ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்துபோனார். அந்த வருடம்தான் இருவரின் ‘டிஜே கிக்ஸ்’ கலவை வெளியாகியிருந்தது. வரலாறு எழுதும்போது கோல்டியை மட்டும் எழுதிவிட்டு இவர்களை விட்டுவிடுவது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

வேகத்தாளம் எழுதியது:

ஆதிரை, நன்றி. ஆனால் ‘டெர்மினேட்டர்’ கதை என் பக்கம்தானே பேசுகிறது? ஹார்மனைசர் என்ற பெட்டி இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

ஆதிரை எழுதியது:

ஹார்மனைசர் பெரிய ஸ்டுடியோக்களில் பல வருடமாக இருந்தது. பாடகரின் குரலைத் திருத்துவதற்கும் தடிக்க வைப்பதற்கும் வைத்திருந்தார்கள். பிரேக்பீட்டை அதற்குள் தள்ளிப் பார்க்கத் தோன்றியது மனிதருக்கு.

பி பக்கம் எழுதியது:

கும்கி அந்த 7 நொடியை அழகாகப் பிரித்துக் காட்டினார். அதை வாசித்தவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் பேச வேண்டும். ஒன்றுமே கிடைக்கவில்லை. கிரெகரி கோல்மன் 2006ல் அட்லாண்டாவில் வீடில்லாதவராக இறந்தார். குழுத் தலைவரும் பாட்டின் உரிமையாளருமான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 1996 வரை விஷயமே தெரியாது. ஒரு கம்பெனி மூல நாடா கேட்டுத் தொடர்புகொண்ட பிறகுதான் தெரியும். அதற்குள் வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டது. 2015ல் பிரிட்டனில் இரண்டு டிஜேக்கள் இணையத்தில் நிதி திரட்டி 24,000 பவுண்ட் அவருக்குக் கொடுத்தார்கள். ஸ்பென்சர் 2020ல் காலமானார். ஒரு முழு இசை வகையே அந்த டிரம்மில் வீடு கட்டிக் குடியிருந்தது. வாடகை கொடுத்தது அவ்வளவுதான்.

எனக்கு இந்த இசை உயிர். ஆனால் இதைச் சொல்லாமல் அதன் எழுச்சியைக் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

கிழக்குலண்டன் எழுதியது:

பி பக்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம். படுக்கையறையில் உட்கார்ந்து 500 பிரதி அச்சடித்து, காரின் டிக்கியில் வைத்துக் கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகள் பணக்காரராகிவிடவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்கு அனுமதி கேட்க யாரைப் பிடிப்பது என்றே தெரியாது. பெரிய கம்பெனிகள், விளம்பரக்காரர்கள் எடுத்தது வேறு கணக்கு. அவர்களுக்கு வக்கீல் இருந்தார்.

பி பக்கம் எழுதியது:

ஏழைப் பிள்ளை எடுத்தாலும் இன்னொரு ஏழையின் உழைப்புத்தான் அண்ணா. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கும்கி எழுதியது:

நானும் பி பக்கத்தோடுதான். வாசித்தவரின் பெயரையாவது ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். கிரெகரி கோல்மன்.

தட்டுக்கடை எழுதியது:

1994 கோடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பத்திரிகைகள் முழித்துக்கொண்டது அப்போதுதான். எம்-பீட், ஜெனரல் லெவி இருவரின் ‘இன்கிரெடிபிள்’ பிரிட்டிஷ் பட்டியலில் 8வது இடத்துக்கு வந்தது. ஷை எஃப்எக்ஸ், யுகே அப்பாச்சி இருவரின் ‘ஒரிஜினல் நட்டா’வும் அதே வருடம்தான். தான்தான் இந்த இசையை நடத்துகிறேன் என்கிற தொனியில் லெவி ஒரு பத்திரிகைக்குச் சொன்னதாக வர, முக்கியமான டிஜேக்கள் கூடிப் பேசி அந்தப் பாட்டையே போடாமல் ஒதுக்கிவைத்தார்கள். பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த பாட்டை அதன் சொந்த ஊரே ஒதுக்கியது. அந்த அளவுக்கு இதைத் தங்கள் சொத்தாக நினைத்தார்கள்.

அதன் பிறகுதான் ஜங்கிள் என்ற பெயர் பின்வாங்கி, டிரம் அண்ட் பேஸ் முன்னால் வந்தது. ராகா குரல்கள் குறைந்தன, ஜாஸ் நாண்கள் கூடின, ‘அறிவார்ந்த’ என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. அப்படியானால் முன்பு இருந்தது அறிவில்லாததா? கறுப்பினத் தொழிலாளர் பிள்ளைகளின் இசையை வெள்ளைக்காரக் காபிக் கடைக்குத் தோதாகத் துடைத்து வைத்தார்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஆதிரை எழுதியது:

பட்டம் கொடுத்த பத்திரிகைகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் இசைக்காரர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மென்மையான பாணியை எல்டிஜே புகெமோடு சேர்ந்து ‘ஸ்பீட்’ இரவுகளில் வளர்த்த ஃபேபியோ, பிரிக்ஸ்டனில் வளர்ந்த கறுப்பினத்தவர். பிரிஸ்டலின் ரோனி சைஸ் ஜமைக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய ரெப்ரசென்ட் குழுவின் ‘நியூ ஃபார்ம்ஸ்’ 1997ல் பிரிட்டனின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு வாங்கியபோது போட்டியில் இருந்தவை ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’, பிராடிஜியின் ‘தி ஃபேட் ஆஃப் தி லேண்ட்’. டபுள் பேஸும் டிரம்மும் மேடையில் நேரடியாக வாசித்த குழு அது. ஜாஸ் அவர்களுக்கு யாரோ பூசிய பாலிஷ் இல்லை.

தட்டுக்கடை எழுதியது:

சரி, ‘நியூ ஃபார்ம்ஸ்’ விஷயத்தில் வாதாட மாட்டேன். அந்த ஆல்பத்தின் பேஸ் இன்றும் என் ஸ்பீக்கருக்குப் பரீட்சை.

கிழக்குலண்டன் எழுதியது:

நம் பக்கத்து விஷயம் ஒன்று. ப்ளூ நோட்டில் ஞாயிறு மெட்டல்ஹெட்ஸ் என்றால், திங்கள் இரவு தல்வின் சிங் நடத்திய அனோகா. தபலாவையும் டிரம் அண்ட் பேஸையும் ஒன்றாக ஓட்டினார். அவர் தொகுத்து 1997ல் வந்த ‘அனோகா’ ஆல்பத்தில் ரஹ்மானின் ‘பம்பாய்’ தீம் இசையும் இருக்கிறது, ‘மும்பை தீம் ட்யூன்’ என்ற பெயரில். 1999ல் தல்வினின் ‘ஓகே’ ஆல்பமும் மெர்குரி வாங்கியது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு, கிளப்பில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று முதலில் தோன்றியது அந்தக் காலத்தில்தான்.

புதுக்காது எழுதியது:

இப்போதும் இது உயிரோடு இருக்கிறதா? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

வேகத்தாளம் எழுதியது:

நன்றாகவே இருக்கிறது. 2012ல் டிஜே ஃப்ரெஷ், ரீட்டா ஓரா இருவரின் ‘ஹாட் ரைட் நவ்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. டிரம் அண்ட் பேஸ் பாட்டு அங்கே முதலிடம் வந்தது அதுதான் முதல் முறை. 2023ல் கென்யா கிரேஸின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ முதலிடம். ஜங்கிளைத் திரும்ப இளையவர்களிடம் கொண்டுபோனவர் என்றால் நியா ஆர்கைவ்ஸ், 2022ல் பிரிட்டனின் கறுப்பின இசைக்கான மோபோ விருது வாங்கியவர்.

கேட்கும் வரிசை என்றால் முதலில் ‘ஏமன், பிரதர்’ மூலத்தையே கேளுங்கள். பிறகு ‘வி ஆர் ஐ.ஈ.’, ஆரிஜின் அன்னோனின் ‘வேலி ஆஃப் தி ஷேடோஸ்’, ‘ஒரிஜினல் நட்டா’, ‘இன்னர் சிட்டி லைஃப்’, கடைசியாக ரோனி சைஸ் குழுவின் ‘பிரவுன் பேப்பர் பேக்’. கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பேஸ் இருக்கவே இருக்காது. ஹெட்ஃபோன் போடுங்கள்.

கிழக்குலண்டன் அண்ணாவின் நியூயார்க் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: அங்கே சாம்ப்ளரை ராப் பாடுகிறவருக்குப் பின்னணியாக வைத்தார்கள், அதனால் வேகம் வாய்க்குக் கட்டுப்பட்டது. லண்டனில் ஆடுகிற காலுக்குக் கட்டுப்பட்டது. பெட்டியின் பங்கு பாதிக்கு மேல் என்று இன்னும் நினைக்கிறேன்.

கிழக்குலண்டன் எழுதியது:

காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள் தம்பி, அப்படியானால் பாதித் தூரம் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

புதுக்காது எழுதியது:

‘வேலி ஆஃப் தி ஷேடோஸ்’ மூன்று முறை கேட்டுவிட்டேன். கும்கி அக்கா சொன்ன மாதிரி பேஸைப் பிடித்துக்கொண்டு கேட்டால் டிரம் அவ்வளவு வேகமாகவே தெரியவில்லை. இதே பாணியில், 1993 வாக்கில் வந்தது, இன்னும் இருட்டாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கும்கி எழுதியது:

1993ன் இருட்டுக்குத் தனி இழையே வேண்டும். இன்று இரவு திறக்கிறேன், ரீஇன்ஃபோர்ஸ்டிலிருந்து தொடங்குவோம். தட்டுக்கடை, உங்களிடம் இருக்கும் பழைய 12 அங்குலத் தட்டுகளின் பட்டியலோடு வாருங்கள்.